நாற்பத்தொரு நிமிடம்

என் லாரியில் ஒரு பெட்டி உண்டு.
ஓட்டிய நிமிடம், நின்ற நிமிடம்,
ஒன்றுக்கிருக்க இறங்கிய நிமிடம்,
எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும்.
நாலரை மணி நேரம் ஓட்டினால்
முக்கால் மணி நிற்க வேண்டும். சட்டம்.
ஒருமுறை ஆறு நிமிடம் மீறிவிட்டேன்.
பின்னால் இருந்தது வெறும் பால்.
கூப்பிட்டு விசாரித்தார்கள்.

டியர்னன் பிறந்த இரவில்
டெர்வ்லாவின் வயிற்றில் பட்டை கட்டி
அவன் இதயத்தைக் காகிதத்தில் ஓடவிட்டார்கள்.
ஒரு முழம், இரண்டு முழம் என்று
அது தரையில் மடிந்து விழுந்தது.
அதைத்தான் மேசையில் விரித்தார் எங்கள் வக்கீல்
நூலா ஹெகார்ட்டி. பென்சில் முனையால் தொட்டார்:
இங்கே துடிப்பு இறங்குகிறது.
இங்கே திரும்ப ஏறவில்லை.
இங்கே ஒரு கையெழுத்து, மூன்று பன்னிரண்டு.
அடுத்த கையெழுத்து மூன்று ஐம்பத்து மூன்று.
நடுவில் யாருமில்லை.

நான் இருந்தேன்.
நாற்காலியில், ஈரக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு.
ஒருமுறை எழுந்து போய்
தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தேன்.
யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று
மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
எட்டிப் பார்த்ததை எழுதிக்கொண்டார் நூலா.
மெதுவாக என்பதை எழுதவில்லை.

ஏழு வருடம் டெர்வ்லா நோட்டு போட்டாள்.
எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தாள்,
எத்தனை தடவை சளி உறிஞ்சினாள்,
குழாய் வழியே எத்தனை மில்லி.
சிரித்தான் என்று எழுதலாமா, கேட்டாள்.
எழுதுங்கள், என்றார் நூலா,
ஆனால் அதற்குத் தொகை கிடையாது.

டப்ளின் நீதிமன்றத்தில்
பேரம் நடந்தது தாழ்வாரத்தில்.
இருபத்தாறு வயதுவரை இருப்பான்,
இது அவர்கள் டாக்டர்.
நாற்பத்து நாலு, இது நம்முடையவர்.
நடுவில் கிடந்த பதினெட்டு வருடத்தை
கறுப்பு அங்கி போட்ட நாலு பேர்
தண்ணீர் குடித்தபடி அங்குமிங்கும் நகர்த்தினார்கள்.
என் அப்பா மாட்டுச் சந்தையில்
உள்ளங்கையில் துப்பி, கைமேல் கை அடித்து
விலை முடிப்பார்.
இங்கே யாரும் துப்பவில்லை.
முப்பத்து நாலில் முடிந்தது.

அவ்வளவு நேரமும் டியர்னன் லிஃப்டில்.
கதவு திறக்கிறது என்று அதில் ஒரு பெண்குரல் சொல்லும்.
சொல்லும்போதெல்லாம் கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான்.
பதினோரு தடவை மேலும் கீழும்
அவனோடு போய்வந்தாள் டெர்வ்லா.
கணக்கு எழுதிப் பழகியவள், எண்ணியிருந்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி
எங்களைப் பாராட்டினார்.
ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தை
ஒரு இளம் வக்கீல் எழுந்து வாசித்தார்.
மனமார வருந்துகிறார்கள்.
எதற்கு என்று கடிதத்தில் இல்லை.
பையனின் பெயரைத் தப்பாக உச்சரித்தார்,
பிறகு திருத்திக்கொண்டார், பாவம்.

இனி ஒரு நர்ஸ் வருவாள் இரவில்.
அகலமான கதவு, தூக்கிவிடும் கொக்கி,
சக்கர நாற்காலி ஏறும் வேன்.
சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

திரும்பும் வழியில், மோனஹன் தாண்டி,
பழக்க தோஷம், சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினேன்.
டெர்வ்லா டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.
நாற்பத்தொரு நிமிடம், என்றாள்.
எவ்வளவு நீளம் என்று பார்ப்போம்.

அவனுக்குப் பால் ஏற்றினோம். குழாயைக் கழுவினோம்.
துணி மாற்றினோம்.
ஆறிப்போன உருளை வறுவலை ஆளுக்குப் பாதி தின்றோம்.
மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது.
ஒரு ஆம்புலன்ஸ் போனது, சத்தமில்லாமல்.
வேலிக்கு அப்பால் ஒரு ஆள்
ஒரு வயல் முழுக்க ஆடுகளை ஓட்டி
அடுத்த வயலில் விட்டு, படலை மூடிவிட்டு
வீட்டுக்கே போய்விட்டான்.
எவ்வளவு ஆச்சு?
பத்தொன்பது.

பிறகு நாங்கள் பேசவில்லை.
வைப்பரை நிறுத்தினேன்.
பின்சீட்டில் டியர்னனின் மூச்சு
ஏறியது, இறங்கியது, ஏறியது.

இருபத்தொன்பதில் டெர்வ்லா
போதும், வண்டியை எடு, என்றாள்.

எடுத்தேன்.